மெய்நிகர் நிலத்தில் தானே பிறக்கும் இசை: ஜெனரேட்டிவ் ஆம்பியன்ட் எப்படி இயங்குகிறது

கணினி உருவாக்கிய நிலப்பரப்பு ஒன்றில் நடந்துகொண்டே கேட்கும் ஜெனரேட்டிவ் ஆம்பியன்ட் இசையில் (விதிகளிலிருந்து தானே உருவாகி, சூழலாகப் பின்னணியில் மிதக்கும் அமைதியான இசையில்), முதலிலிருந்து கடைசிவரை எழுதி முடித்த பாட்டு எதுவும் பின்னால் ஓடுவதில்லை. மரம், பாறை, ஓடை, மேடு என ஒவ்வொன்றிடமும் சில ஸ்வரங்களும் சில விதிகளும் ஒப்படைக்கப்பட்டிருக்கும். நடப்பவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பதைப் பொறுத்து, அந்த விதிகளிலிருந்து இசை அப்போதைக்கப்போது உருவாகிறது. இரண்டு பேர் ஒரே பாதையில் போனாலும் இருவர் காதிலும் விழுவது ஒன்றாக இருக்காது.

இப்படிச் செய்யப்படுபவற்றில் பல, கேட்ட இரண்டாவது நிமிடத்திலேயே அலுத்துப்போகின்றன. கருவிகளோ ஒலித் தரமோ இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. நடப்பவரின் ஒவ்வோர் அசைவோடும் இசை நேரடியாக முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. முன்னால் போனால் ஒலி ஏறும், திரும்பினால் ஸ்வரம் மாறும், நின்றால் எல்லாம் நிற்கும். கேட்பவர் இசையை விட்டுவிட்டு விசைகளைச் சோதிக்கத் தொடங்கிவிடுகிறார். விதிகளை நிலத்தோடு கட்ட வேண்டும். நடப்பவரோடு கட்டியே தீர வேண்டியவற்றை மெதுவாக்க வேண்டும். கீழே வரும் அளவுகளும் எச்சரிக்கைகளும் இந்த இரண்டு முடிவுகளிலிருந்துதான் கிளைக்கின்றன.

நாடாச் சுருளிலிருந்து தீவுக்கு

ஆங்கில இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ தொகுப்பில் ஒரு துண்டு, பாடகர்களின் ஒற்றை ஸ்வரங்களைத் தனித்தனி நாடாச் சுருள்களில் சுழலவிட்டுச் செய்யப்பட்டது. ஒரு சுருள் 23½ நொடிக்கு ஒருமுறை திரும்பி வரும். இன்னொன்று 25⅞ நொடிக்கு. மற்றொன்று 29 நொடியும் 15/16 பங்கும் கழித்து. இந்த மூன்றும் தொடங்கிய அதே நிலையில் மறுபடி சந்திக்க எவ்வளவு நேரமாகும்? மீச்சிறு பொது மடங்கு போட்டுப் பார்த்தால் 23,30,095.5 நொடி, அதாவது ஏறக்குறைய 27 நாள். மூன்று ஸ்வரமும் மூன்று நீளமும் கொடுத்தது அவ்வளவுதான். மீதியை எண்களின் பொருந்தாமை பார்த்துக்கொண்டது.

1996-இல் ஈனோ கோவான் என்ற மென்பொருளில் செய்த ‘ஜெனரேட்டிவ் மியூசிக் 1’ இன்னோர் அடி எடுத்து வைத்தது. கேட்பவருக்குப் போய்ச் சேர்ந்தது பதிவு செய்த ஒலி இல்லை, விதிகள். அவருடைய கணினியே ஒவ்வொரு முறையும் இசையை உண்டாக்கிக்கொண்டது. 2013-இல் எட் கீ, டேவிட் கனாகா இருவரும் வெளியிட்ட ‘ப்ரோட்டியஸ்’ என்ற கணினி விளையாட்டு இதை நிலத்துக்குக் கொண்டுபோனது. அந்தத் தீவில் நடந்து சுற்றுவதுதான் வேலையே. செடிகளும் பிராணிகளும் தத்தம் ஒலியைத் தருகின்றன. பருவம் மாறினால் இசையும் மாறுகிறது.

சுருள் இசையில் எல்லா அடுக்குகளும் எல்லோருக்கும் கேட்கும். நிலத்தில் வைத்துவிட்டால், எந்த நாலைந்து அடுக்கு இப்போது கேட்கிறது என்பதை நடப்பவரின் இடம் தீர்மானிக்கிறது. எண்களின் பொருந்தாமையோடு இடமும் ஒரு மாறியாகச் சேர்கிறது.

எத்தனை மூலங்கள், எவ்வளவு தூரம்

கணக்கு இல்லாமல் இங்கே ஓரடியும் நகர முடியாது. 200 மீட்டருக்கு 200 மீட்டர் சதுர நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 40,000 சதுர மீட்டர். அதில் 40 ஒலி மூலங்களைப் பரப்பினால் ஆயிரம் சதுர மீட்டருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 40 மீட்டர் வரை கேட்கும் என்றால், அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 5,027 சதுர மீட்டர். ஆகவே எங்கே நின்றாலும் சராசரியாக ஐந்து மூலங்கள் காதுக்கு எட்டும். ஆம்பியன்டுக்கு இது நல்ல அளவு. நடந்துகொண்டிருக்கும்போது எட்டைத் தாண்டினால் தனித்தனி முகம் கரைந்து ஒரே படலமாகிவிடும். இரண்டாகக் குறைந்தால் ஒவ்வொரு மரமும் தனித்து அறிவிப்புச் செய்வதுபோல் ஆகிவிடும்.

நடை வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் என்று வையுங்கள். ஒரு மூலத்தின் வட்டத்தை நடுவாகக் கடக்க, 80 மீட்டருக்கு, 32 நொடி ஆகும். அந்த மூலம் 60 நொடிக்கு ஒருமுறைதான் ஒலிக்கும் என்றால், பாதிப் பேர் அதைக் கேட்காமலேயே கடந்துவிடுவார்கள். கடக்கும் நேரத்தில் பாதி, அதாவது 16 நொடிக்குச் சற்றுக் குறைவான சுற்று நேரம் வைத்தால் இரண்டு முறையாவது வாய்ப்புக் கிடைக்கும். 11.3, 13.7, 15.1 நொடி என ஒன்றுக்கொன்று மடங்காகாத நீளங்கள் நல்லது. 8, 12, 16 என்று வைத்தால் 48 நொடிக்கு ஒருமுறை மூன்றும் ஒன்றாக விழும்; அது உடனே காதில் தட்டுப்படும்.

சுற்று நேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் அடிக்கடி ஒரு பிழை நடக்கிறது. நடப்பவர் வட்டத்துக்குள் கால் வைத்ததும் கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். விளைவு, ஒவ்வொரு மூலமும் ஆள் வந்த கணத்தில் ஒலிக்கும். எல்லைக்கோட்டில் முன்னும் பின்னும் நடந்தால் அதே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும். நிலம் தன்பாட்டுக்கு இசைத்துக்கொண்டிருந்தது, நாம் அதற்குள் போனோம் என்ற உணர்வு அங்கே உடைந்துவிடும். சரியான வழி, மூலத்தின் கட்டத்தை உலகத்தின் பொது நேரத்திலிருந்து கணக்கிடுவது: கடந்த மொத்த நொடிகளைச் சுற்று நேரத்தால் வகுத்தால் இது எத்தனையாவது சுற்று, அதில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். சுற்றின் எண்ணையும் மூலத்தின் அடையாள எண்ணையும் சேர்த்து ஒரு தற்போக்கு (ரேண்டம்) எண் உண்டாக்கினால், இந்தச் சுற்றில் ஒலிக்குமா, எந்த ஸ்வரம், எத்தனை நொடி தாமதம் என்பதெல்லாம் ஆள் இல்லாதபோதும் தீர்மானமாகிவிடும். கேட்காத மூலங்களுக்குக் கணினி எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை.

தூரத்தோடு ஒலி குறையும் விதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இயல்பான தலைகீழ் விதிப்படி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் முழு அளவு என்று வைத்தால் 40 மீட்டரில் 20 டெசிபல்தான் குறைந்திருக்கும். அமைதியான இசையில் அது நன்றாகவே கேட்கும் அளவு. உச்ச தூரம் என்று 40-ஐக் கொடுத்துவிட்டால் அங்கே ஒலி அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் லாகரிதமிக் வளைவில் அந்த எண் ‘இதற்கு மேல் குறையாதே’ என்றுதான் பொருள்படும். உலாவிக்குள் ஒலியை உண்டாக்கும் வசதியான வெப் ஆடியோவின் இன்வர்ஸ் மாதிரியில் அந்த எண்ணுக்கு எந்த வேலையும் இல்லை. எனவே 25 மீட்டரிலிருந்து 40 மீட்டர் வரை பூஜ்யத்துக்கு இறங்கும் ஒரு வளைவைத் தனியாகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். கூடவே தூரத்துக்கேற்ப உயர் அதிர்வெண்களை வடிகட்டும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் வைத்து, அருகில் 12,000 ஹெர்ட்ஸ் வரை விட்டு, தொலைவில் 2,000 ஹெர்ட்ஸில் வெட்டினால் ‘அங்கே தூரத்தில்’ என்ற உணர்வு உறுதியாகும்.

ஐந்து ஸ்வரம், ஐந்து நிலம்

எந்த ஸ்வரம் எந்த ஸ்வரத்தோடு மோதும் என்று முன்கூட்டித் தெரியாத இசை இது. ஆகவே எது எதனோடு சேர்ந்தாலும் உறுத்தாத ஸ்வரக் கூட்டம் வேண்டும். மோகனத்தின் ச, ரி, க, ப, த இதற்கு அற்புதமாகப் பொருந்துகிறது. அந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் நடுவே அரைச்சுர இடைவெளி இல்லை. ச–பிரதி மத்யம இடைவெளியும் இல்லை. உரசலைத் தரும் இரண்டுமே இல்லாததால், ஐந்தும் ஒன்றாக ஒலித்தாலும் தாங்கும். இங்கே எடுத்துக்கொள்வது ராகத்தின் ஸ்வர வரிசையை மட்டும்தான். கமகமும் பிடிகளும் இல்லாமல் அதை மோகனம் என்று முழு உரிமையோடு சொல்ல முடியாது.

நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு மனநிலை கொடுக்க நினைக்கும்போது சிக்கல் வருகிறது. புதிய பகுதிக்குப் புதிய ஸ்வரங்கள் வைத்தால், பழைய பகுதியின் ஸ்வரம் இன்னும் எட்டு நொடிக்குக் கார்வையாக நின்றுகொண்டிருக்கும்போது புதியது வந்து மோதும். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் 40 மீட்டர் வரை இந்த மோதல் நீளும். கிரக பேதம் இதைச் சுத்தமாகத் தீர்த்துவைக்கிறது. அதே ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஆதார சுருதியை மட்டும் நகர்த்தினால், மோகனத்தின் ரி-யை ஷட்ஜமாக்கும்போது மத்யமாவதி, க-வில் இந்தோளம், ப-வில் சுத்த சாவேரி, த-வில் சுத்த தன்யாசி. நிலத்தில் உள்ள நாற்பது மூலங்களும் எந்த ஸ்வரத்தையும் மாற்ற வேண்டாம். அடியில் ஓடும் சுருதி மட்டும் நகர்கிறது. அதே மரம் அதே ஸ்வரத்தை ஒலிக்க, அதன் உறவு மாறிவிடுகிறது. காட்டிலிருந்து கரைக்கு வந்ததை நடப்பவர் உடம்பால் உணர்வார், ஆனால் எந்தக் கணத்தில் மாறியது என்று அவரால் சுட்ட முடியாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. சுருதி என்றாலே ச–ப என்று கைப்பழக்கத்தில் வைத்துவிடுவோம். இந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது. அந்தப் பகுதியில் ச–ப சுருதி வைத்தால் நிலத்தில் இல்லாத ஆறாவது ஸ்வரம் ஒன்று நுழைந்து, மூல மோகனத்தின் ச-வோடு அரைச்சுரத்தில் உரசும். அங்கே ச–ம சுருதிதான். மற்ற நான்கிலும் பஞ்சமம் உண்டு, கவலை இல்லை.

சுருதியை நிலத்தில் ஓரிடத்தில் பொருத்தக் கூடாது. திசை காட்டாத, நடப்பவரோடு கூடவே வரும் சாதாரண ஸ்டீரியோ ஒலியாக அது இருக்கட்டும். தாழ்ந்த ஒலிகளின் திசையைக் காது சரியாகக் கண்டுபிடிப்பதும் இல்லை.

ஒவ்வொரு மூலத்தின் ஸ்வரத்தையும் அது நிற்கும் தரையின் உயரத்திலிருந்தே எடுக்கலாம். நிலத்தின் உயர வேறுபாடு 45 மீட்டர், மூன்று ஸ்தாயிக்கு ஐந்தைந்தாகப் பதினைந்து ஸ்வரம் என்றால் மூன்று மீட்டருக்கு ஒரு படி. நடப்பவரின் உயரத்தைக் கொண்டு ஸ்வரத்தை மாற்றுவதுதான் புதியவர்கள் முதலில் செய்வது. சரிவில் ஏறும்போதெல்லாம் எல்லாமே சேர்ந்து ஏறி, அபாயச் சங்குபோலக் கேட்கும். மூலத்தின் உயரத்தோடு கட்டினால், மேட்டில் ஏறும்போது சுற்றியுள்ளவை மேல் ஸ்தாயியில் இருப்பதால் இசை தானாகவே மேலேறும். ஒற்றை ஸ்வரம்கூட நடுவில் நெளியாது.

பதில் எவ்வளவு மெதுவாக

தலையைத் திருப்பினால் திசை மாறுவது உடனடியாக நடக்க வேண்டும்; அதில் தாமதம் இருந்தால் நிலமே ஆடுவதுபோல் இருக்கும். ஒரு பொருளைத் தொட்டால் வரும் ஒலியும் அப்படித்தான், பத்தில் ஒரு நொடிக்குள். உடனடிப் பதில் வேண்டியவை இவ்வளவே. நடை வேகத்துக்கேற்ப ஒலியின் பிரகாசத்தை மாற்றினால் இரண்டு நொடி நேர மாறிலி வையுங்கள். ஒலிகளின் அடர்த்திக்கு பத்து நொடி. ஆதார சுருதிக்கு, புதிய பகுதியில் முப்பது நொடியாவது தங்கிய பிறகே மாறத் தொடங்கி, இருபது நொடியில் பழையது கரைந்து புதியது வரட்டும்.

நேர மாறிலி என்பது, இலக்கை நோக்கிய தூரத்தில் 63 விழுக்காட்டைக் கடக்க ஆகும் நேரம். மூன்று மடங்கு நேரத்தில் 95 விழுக்காடு கடந்துவிடும். இதைக் குறியீட்டில் எழுதும்போது ‘ஒவ்வொரு ஃபிரேமிலும் மீதி தூரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு நகர்’ என்று சுருக்கமாக எழுதிவிடுவது வழக்கம். ஃபிரேம் என்பது திரையில் வரையப்படும் ஒரு படம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் அது மூன்றில் ஒரு நொடி மாறிலி. 30 ஃபிரேம் ஓடும் கணினியில் அதே வரி இரட்டிப்பு மெதுவாகிவிடும். ஒரு கணினியில் செதுக்கிய இசை இன்னொன்றில் வேறாக நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபிரேமுக்கு ஆன நேரத்தை மாறிலியால் வகுத்து அடுக்குக்குறிச் சார்பில் கொடுத்துக் கணக்கிட வேண்டும். வெப் ஆடியோவில் இதற்கென்றே இலக்கும் நேர மாறிலியும் கேட்கும் கட்டளை இருக்கிறது.

பகுதி எல்லைகளுக்கு மந்தப் பட்டை ஒன்றும் தேவை. காட்டிலிருந்து கரைக்கு மாறும் கோடும் கரையிலிருந்து காட்டுக்குத் திரும்பும் கோடும் ஒன்றாக இருக்கக் கூடாது. நடுவில் ஆறு மீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கோட்டின் மேலேயே நின்று சுற்றிப் பார்ப்பவருக்குப் பகுதி மாறி மாறித் தாவி, முப்பது நொடிக் கணக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

அசையாமல் நிற்பதையும் ஒரு செயலாக எண்ணிக்கொள்வது இந்தக் கலையின் அழகான பகுதி. பதினைந்து நொடி நின்றால் கேட்கும் வட்டம் 40 மீட்டரிலிருந்து 55-க்கு மெல்ல விரியட்டும். பரப்பு சுமார் 9,500 சதுர மீட்டராகி, ஐந்து மூலங்கள் இருந்த இடத்தில் ஒன்பது பத்து கேட்கத் தொடங்கும். ஒரு சுற்றில் ஒலிக்கும் வாய்ப்பையும் 40 விழுக்காட்டிலிருந்து 70-க்கு ஏற்றலாம். பொறுமையாக நிற்பவருக்கு நிலம் தன்னைத் திறந்து காட்டும்.

தற்போக்கு எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஐந்து ஸ்வரத்தில் கண்மூடி எடுத்தால், வந்ததே மறுபடி வருவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. கேட்பவருக்கு அது ‘தேங்கிவிட்டது’ என்று படும். பக்கத்து ஸ்வரத்துக்குப் போகும் வாய்ப்பை அதிகமாக்கி, அதே ஸ்வரத்துக்கு இருபதில் ஒன்று என்று குறைத்தால் சஞ்சாரம் போன்ற ஓட்டம் கிடைக்கும்.

சுருதி விலகும் இடங்கள்

எல்லாம் சரியாக அமைத்தும் நடக்கும்போது மட்டும் இசை அபசுரமாகக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது டாப்ளர் விளைவு, அதாவது நெருங்கும்போது ஸ்வரம் ஏறி விலகும்போது இறங்குவது. யூனிட்டியில் ஒவ்வோர் ஒலி மூலத்துக்கும் அது இயல்பாகவே 1 என்று வைக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஒரு மூலத்தை நோக்கிப் போனால், ஒலியின் வேகம் 343 மீட்டர் என்ற கணக்கில், ஸ்வரம் சுமார் 12.6 சென்ட் ஏறும் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). பின்னால் விட்டு வந்த மூலம் அதே அளவு இறங்கும். இரண்டுக்கும் நடுவே 25 சென்ட், அரைச்சுரத்தில் கால் பங்கு. நின்றதும் சரியாகிவிடுவதால் காரணம் பிடிபடாமல் போகும். பூஜ்யமாக்கிவிடுங்கள்.

நாமே விரும்பிச் செய்யும் சிறு விலகல் வேறு. ஒரே சாம்பிளை (பதிவு செய்த ஒலித் துண்டை) பத்து மரங்களுக்குக் கொடுத்திருந்தால், இரண்டு மரங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிக்கும்போது அலைகள் ஒன்றையொன்று அரித்து உள்ளீடற்ற ஒலி வரும். ஒவ்வொன்றையும் நாலைந்து சென்ட் விலக்கிவைத்தால் போதும். 440 ஹெர்ட்ஸில் 4 சென்ட் என்பது ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஒரு மெல்லிய அலைவாக அது கேட்கும்.

திசை காட்ட வேண்டிய சாம்பிள்கள் மோனோவாக (ஒற்றைத் தடமாக) இருக்கட்டும். 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட் மோனோவில் பத்து நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவுதான். ரிவெர்ப், அதாவது எதிரொலிப்பு, மூலத்துக்கு ஒன்றாக வேண்டாம். ஐந்து நொடி நீளமுள்ள ஒன்றை எல்லோரும் பகிர்ந்துகொள்ள, தூரத்து மூலங்கள் அதிக விகிதத்தில் அனுப்பட்டும்.

ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின், அதாவது தனி ஒலிகளின், எண்ணிக்கையை எளிதாக மதிப்பிடலாம்: நொடிக்கு எத்தனை ஸ்வரம் தொடங்குகிறது என்பதை ஒரு ஸ்வரம் நீடிக்கும் நொடிகளால் பெருக்குங்கள். நாற்பது மூலங்களும் 16 நொடிக்கு ஒருமுறை, ஒன்பது நொடி கார்வையோடு ஒலித்தால் சராசரி 22.5. யூனிட்டியின் இயல்பு வரம்பு 32 உண்மைக் குரல்கள்; காலடி, காற்று, சுருதி எல்லாம் சேர்ந்து தற்செயலாக நெருக்கும்போது அது தாண்டிவிடும், எதோ ஓர் ஒலி நடுவில் அறுந்து ‘டக்’ என்று கேட்கும். காதுக்கு எட்டும் ஐந்தை மட்டும் ஒலிக்கவிட்டால் சராசரி மூன்றுக்குள் அடங்கும். குரலை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் 50 மில்லிநொடியில் தேய்த்து நிறுத்துங்கள்.

நேரக் கணக்கை ஃபிரேம்களிடம் விடாமல் ஒலிப்பொறியின் கடிகாரத்திடம் கொடுப்பது அவசியம். மெதுவாக எழும் ஸ்வரத்தில் 16 மில்லிநொடித் தடுமாற்றம் தெரியாது. மணி போன்ற கூர்மையான ஒலியில் தெரியும். ஆம்பியன்டில் இரண்டு நொடி முன்கூட்டியே வரிசைப்படுத்திவிடலாம். உலாவியில் தாவல் (டேப்) மறைந்தால் ஃபிரேம் அழைப்புகள் நின்றே போகும் என்பதால், ஸ்வரங்களை அந்த அழைப்புகளுக்குள் வைத்திருப்பவர்களின் இசையும் அதோடு நின்றுவிடும். இன்னொன்று, உலாவி பயனரின் சொடுக்கு ஒன்று கிடைக்கும்வரை ஒலியைத் தொடங்கவிடாது. நுழைவில் ஒரு பொத்தான் கட்டாயம்.

சோதிக்கும்போது விதை எண்ணைத் திரையில் காட்டுங்கள். தற்போக்கு எல்லாம் அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிறப்பதால், விதை எண்ணோடு நடந்த பாதையையும் பதிந்துவைத்தால், முப்பத்தேழாவது நிமிடத்தில் வந்த உறுத்தலை அப்படியே திரும்ப வரவழைத்துப் பார்க்கலாம். பிறகு ஆளில்லாமல் தானே நடக்கும் ஒருவரை எட்டு மணி நேரம் அலையவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தின் நேரம், மூலம், குரல் எண்ணிக்கை, உச்ச டெசிபல் நான்கையும் பதிவுசெய்யுங்கள். எந்த மூலம் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை, எந்த மூலையில் பன்னிரண்டு மூலங்கள் குவிந்துவிட்டன என்று அந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும். அவற்றை நகர்த்திவைத்துவிட்டு, அதே விதை எண்ணோடு மறுபடி ஓடவிடுங்கள்.